கௌசல்யா பட்டியலில் இல்லை: விசைக்கும் திரைக்கும் நடுவே எழுத்து மாறும் கதை

மட்டக்களப்பு, கல்லடிப் பக்கத்துச் சங்கம் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப்பையும் கொடுப்பதற்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தது. எக்செல்லில் முந்நூறுக்கு மேற்பட்ட பெயர்கள். ஆசிரியர்கள் கையால் எழுதித் தந்த பெயர்களை அதில் ஒவ்வொன்றாகத் தேடி, இல்லாதவர்களைத் தனியே எழுதும் வேலை எனக்கு. கௌசல்யா என்று அடித்துத் தேடினேன். இல்லை என்றது. விடுபட்டோர் தாளில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். கொடுக்கிற அன்று அந்தப் பிள்ளையின் தாய் வந்து நின்றார். "தம்பி, நான் போன மாசமே பேர் குடுத்தனான். எனக்கு முன்னுக்கு வெச்சித்தான் எழுதினாங்க. மறுகா எப்பிடி இல்லாமப் போகும்?" அச்சடித்த தாள்களை எடுத்து இருவரும் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனோம். ஐந்தாம் பக்கத்தில் பெயர் தெளிவாக இருந்தது.

எழுதியவர் க, கொம்பு, ள என்று மூன்றாக அடித்திருந்தார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோட் முறையில் கௌ என்பது க, அதன் பின் ௌ என்ற ஒரே குறி. தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆனால் கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, அதற்குரிய எண்ணைப் பார்க்கிறது. ௌ குறியின் எண் 3020. கொம்பின் எண் 3014, ள-வின் எண் 2995. நான் 3020ஐத் தேடினேன், அங்கே கிடந்தது 3014உம் 2995உம். இல்லை என்று அது சொன்னது அதன் கணக்கில் சரிதான். பிள்ளைக்குத்தான் பை அன்று கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை ஊன்றிக் கவனிக்கிறேன். நினைவு மலர், கோயில் சடங்கு நோட்டீஸ், பதிவு விண்ணப்பம், வெளிநாட்டு விலாசம் என்று கணினியில் எழுத்துக் கோக்கும் வேலைதான் எனக்கு. எழுத்து சரியாக விழவில்லை என்றால் கீபோர்ட் பழுது என்பார்கள், வைரஸ் என்பார்கள், விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றுமே காரணமாக இருப்பதில்லை. விசையிலிருந்து திரைக்கு வரும் வழியில் எழுத்து ஐந்தாறு கை மாறுகிறது. எந்தக் கையில் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்துவது அநேகமாகச் சில நிமிட வேலை.

இது தமிழுக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. சூரிச் என்பதை அந்த ஊர் மொழியில் எழுதினால் ஆங்கில யு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வரும். ஜெனீவாவைப் பிரெஞ்சில் எழுதினால் நடு ஈயின் தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு. நோர்வேயின் ஊர்ப்பெயர்களில் குறுக்குக் கோடு போட்ட ஓ, தலையில் வட்டம் வைத்த ஏ. மட்டக்களப்பு வீடுகளில் பாதிக்கு அந்த நாடுகளில் யாரோ ஒருவர் இருக்கிறார். விலாசம், பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு என்று அந்த எழுத்துகள் இங்கே வந்துகொண்டே இருக்கின்றன. இங்குள்ள பறங்கியர் பேசும் போர்த்துக்கீசக் கலப்பு மொழியை எழுத முயல்பவர்களுக்கும் இதே பாடு. எழுத்தோடு ஒட்டி நிற்கும் சின்னக் குறிதான் எல்லா இடத்திலும் வழுக்குகிறது.

நகரா விசை

இந்தக் குறிகளுக்கும் தமிழ்க் குற்றுக்கும் (மெய்யெழுத்தின் புள்ளி) உள்ள உறவு கணினிக்கு முந்தியது. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அடித்தால் எழுத்து பதிந்து, தாள் ஓர் இடம் நகரும். எழுத்தின் மேலேயே ஒரு குறி விழ வேண்டுமானால் தாள் நகரக் கூடாது. அதற்காக அடித்தாலும் நகராத விசை வைத்தார்கள். பிரெஞ்சுப் பொறிகளில் தலைக்கூரைக்கும் இரட்டைப் புள்ளிக்கும் அப்படி விசை உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழ்ப் பொறியை வடிவமைத்தபோது விசிறி (ி, ீ) போன்ற குறிகளுக்கு இதே வழியைக் கையாண்டார். நகரா விசை என்ற அழகான தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. முதலில் குறி, பிறகு எழுத்து.

இன்றைய கணினியிலும் நகரா விசை உயிரோடுதான் இருக்கிறது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்ற விசை அமைப்பைத் தெரிந்தோ தெரியாமலோ தேர்ந்தெடுத்துவிட்டால், மேற்கோள் விசையை அடித்ததும் திரையில் எதுவும் வராது. அது அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது. அடுத்து ஈ அடித்தால் சாய்கோட்டு ஈ வரும், யு அடித்தால் சாய்கோட்டு யு வரும், வெறும் இடைவெளி அடித்தால்தான் மேற்கோள் விழும். மேற்கோள் குறி வேலை செய்யவில்லை, கீபோர்ட் மாற்ற வேண்டும் என்று வந்தவர்களின் கணினியில் நான் செய்ததெல்லாம் விசை அமைப்பைச் சாதாரண ஆங்கிலத்துக்கு மாற்றியதுதான். சூரிச் எழுத வேண்டியவர்களுக்கோ அதே அமைப்பு வரப்பிரசாதம்: இரட்டை மேற்கோள், பிறகு யு.

பாமினி விட்டுச் சென்ற பழக்கம்

எங்கள் பக்கத்துப் பிழைகளில் பெரும்பங்கு பாமினியிலிருந்து வருவது. இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இலங்கையில் அச்சுத் தொழிலைக் கணினிக்குள் கொண்டுவந்ததில் பாமினிக்கு மிகப் பெரிய பங்கு இருக்கிறது. ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் வடிவத்தை உட்கார வைத்த பொன்ட். தமிழ் என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி. பொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே வெளியே வரும்.

தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் பாமினியில் சிரமமில்லாமல் ஓடின. ரெங்கநாதன் என்று பெயர் கொண்ட அந்த விசை ஒழுங்கே 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரத்திலும் இடம்பெற்றது. விசைகளின் இடம் மாறவில்லை, உள்ளே போகும் எண்தான் மாறிவிட்டது. விரலுக்கு அது தெரியாது.

பாமினியில் கௌ எழுத வேறு வழியே இல்லை. கொம்பு, க, ள என்று மூன்றையும் அடுக்குவதுதான் முறை. ஔவைக்கும் ஒ, ள. இன்னொன்று அதைவிடப் பரவலானது. பழைய அச்சில் ர் எழுத்துக்குக் கீழே சாய்ந்த கால் இருக்காது, அரவுக்கு (ா) மேல் குற்று வைத்தது போலத்தான் இருக்கும். அதனால் பாமினியில் அவர் என்பதை அ, வ, அரவு, குற்று என்று அடித்தார்கள். இருபது வருடம் அப்படி அடித்த ஒருவர் யுனிகோட்டுக்கு வந்தால் அதே நான்கு விசையைத்தான் அடிப்பார். விளைவு அவா். உற்றுப் பார்த்தாலும் சட்டெனத் தெரியாது. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறெங்கோ போய் நிற்கும், பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் தடுமாறும்.

இதற்கு அடுத்தது கொம்பின் இடம். பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில், கொம்பு முதல், மெய் பிறகு. யுனிகோட்டில் உச்சரிக்கிற ஒழுங்கு: க முதல், கொம்பு பிறகு. திரையில் இடம் மாற்றி வரைவது மென்பொருளின் பொறுப்பு. பழைய பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தால், அது பிடிக்க எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தோடு ஒட்டி நிற்கும். அந்தப் புள்ளி வட்டத்தைக் கண்டால் பொன்ட்டை மாற்றிப் பயனில்லை. எழுத்துகளின் ஒழுங்குதான் பிழை.

மூன்று பரிசோதனை

ஒரு மென்பொருளில் எழுத்து விழவில்லை என்று யாராவது வந்தால் நான் முதலில் நோட்பேடைத் திறந்து அதே எழுத்தை அதே விசைகளால் அடிக்கச் சொல்வேன். அங்கே சரியாக வந்தால் கீபோர்டும் விசை அமைப்பும் நலமாக இருக்கின்றன, சிக்கல் அந்த மென்பொருளுக்கும் விசை அமைப்புக்கும் இடையில். அங்கேயும் வராவிட்டால் மென்பொருளை விட்டுவிட்டு மொழி அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சரியாக உள்ள எழுத்தை நோட்பேடில் இருந்து எடுத்து அந்த மென்பொருளில் ஒட்டிப் பார்ப்பது. அடித்தால் வராமல் ஒட்டினால் வருகிறது என்றால் அந்த எழுத்தை வைத்திருக்கவும் வரையவும் மென்பொருளுக்குத் தெரியும், அடிக்கும் பாதை மட்டும் அடைபட்டிருக்கிறது. ஒட்டினாலும் பெட்டி பெட்டியாக வந்தால் பொன்ட்டில் அந்த எழுத்து இல்லை. கேள்விக்குறியாக வந்தால் நிலைமை மோசம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது பரிசோதனையைப் பலர் செய்வதில்லை. சேமித்து, மூடி, திரும்பத் திறப்பது. திரையில் அழகாக இருந்த பெயர் திரும்பத் திறக்கும்போது உருமாறினால் கோப்பில் எழுதும் இடத்தில்தான் கோளாறு. முந்நூறு பெயர் அடித்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட மூன்று பெயரோடு கண்டுபிடிப்பது நல்லது.

அடிக்கும் பாதை எங்கே அடைபடுகிறது

விசையை அழுத்தினால் கீபோர்ட் எழுத்தை அனுப்புவதில்லை. இந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அது த-வா, ஜேயா என்று முடிவு செய்வது விண்டோஸில் தேர்ந்தெடுத்திருக்கும் விசை அமைப்பு. தமிழுக்குப் பலர் அதன் மேல் இன்னொரு மென்பொருளையும் வைத்திருக்கிறோம்: கீமேன், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போல. இவற்றின் வேலை கடினமானது. அம்மா என்று ஆங்கில ஒலிப்பில் அடிக்கும்போது முதல் எம் விழுந்ததும் ம் காட்ட வேண்டும், இரண்டாவது எம்முக்குப் பின் ஏ விழுந்ததும் அதன் குற்றை அழித்து ம ஆக்க வேண்டும். இதற்கு அது மென்பொருளிடம், முந்திய எழுத்து என்ன, அதை மாற்று என்று கேட்கிறது. அந்தப் பேச்சு நடக்கும் மென்பொருளில் எல்லாம் சரியாக ஓடும். பேசத் தெரியாத பழைய மென்பொருளில் அழித்தல் விசையைத் தானே அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். அங்கேதான் எழுத்து இரட்டிப்பாகும், குற்று தங்கிவிடும், பக்கத்து எழுத்தும் சேர்ந்து அழியும். வேகமாக அடிக்கும்போது கூடுதலாக நடக்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத காரணம் ஒன்று. ஒரு மென்பொருளை நிர்வாகி அதிகாரத்துடன் திறந்தால், சாதாரண அதிகாரத்தில் ஓடும் வேறொரு மென்பொருள் அதற்குள் விசைகளைச் செலுத்த விண்டோஸ் அனுமதிக்காது. விஸ்டா காலத்திலிருந்து வந்த பாதுகாப்பு அது, நல்ல காரணத்துக்காக வந்தது. ஆனால் தமிழ் எழுதும் மென்பொருளும் அந்தத் தடையில் மாட்டிக்கொள்கிறது. கணக்கு மென்பொருளை நிர்வாகியாகத் திறக்கும்படி குறுக்குவழி போட்டு வைத்திருப்பார்கள், எல்லா இடத்திலும் தமிழ் விழும், அதில் மட்டும் ஆங்கிலம் விழும். குறுக்குவழியின் அந்த அமைப்பை எடுத்துவிட்டால் சரி. அதை எடுக்க முடியாவிட்டால் தமிழ் மென்பொருளையும் நிர்வாகியாகத் திறக்க வேண்டும்.

ஐரோப்பிய எழுத்துகளில் வலப்பக்க ஆல்ட் விசை இதே போலத் தொல்லை தரும். பல விசை அமைப்புகளில் குறி ஏந்திய எழுத்துக்கு அந்த விசைதான். விண்டோஸ் அதைக் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டும் சேர்ந்ததாகப் பார்க்கிறது. படம் திருத்தும் மென்பொருள் ஒன்று அதே சேர்க்கையைத் தன் குறுக்குவழிக்கு வைத்திருந்தால், எழுத்து விழுவதற்குப் பதில் ஏதோ ஒரு சாளரம் திறக்கும். குறுக்குவழிப் பட்டியலில் அதை நீக்குவதே வழி.

எண்ணால் அடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடைகளில் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் தாள் அதுதான். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 0252 அடித்தால் இரட்டைப் புள்ளி யு, 0233 அடித்தால் சாய்கோட்டு ஈ. முன்னால் சுழியம் இல்லாமல் 129, 130 என்று அடித்தாலும் அதே இரண்டும் வரும், அது டொஸ் காலத்து எண் வரிசை. இரண்டு வரிசையையும் கலந்து எழுதிய தாளால் வந்த குழப்பம் நிறைய. எண்களை வலப்பக்க எண் பலகையில்தான் அடிக்க வேண்டும், நம்லொக் எரிய வேண்டும். மேல்வரிசை எண்களில் அடித்தால் ஒன்றும் நடக்காது. சிறிய மடிகணினிகளில் அந்தப் பலகையே இல்லை. வேர்டில் மட்டும் வேறொரு வசதி உண்டு: கன்ட்ரோலும் ஷிப்ட்டும் முக்காற்புள்ளியும் அழுத்தி, விட்டு, யு அடித்தால் இரட்டைப் புள்ளி யு வரும். வேர்டில் வருவது இணைய உலாவியில் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். அது வேர்டின் சொந்த ஏற்பாடு, விண்டோஸுடையது இல்லை.

லினக்ஸ் பாவிப்பவர்கள் குறைவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் எழுத்தைத் தரும், ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தான் கட்டப்பட்ட கருவித்தொகுதியை (ஜீடிகே, கியூடி போன்றவை) பொறுத்து வேறு வாசலில் வந்து கேட்கும். ஜீடிகே மென்பொருளில் தமிழ் வந்து கியூடி மென்பொருளில் வராவிட்டால் இரண்டாவது வாசலுக்கு யாரை அழைப்பது என்ற அமைப்பு (சூழல் மாறி) குறிக்கப்படவில்லை. குறித்துவிட்டு வெளியேறித் திரும்ப உள்நுழைய வேண்டும். தனிப் பொதியாக வரும் மென்பொருள்களில் அந்த இணைப்பே உள்ளே வைக்கப்படாமல் இருக்கலாம். அப்போது அதே மென்பொருளை உங்கள் லினக்ஸ் வழங்கலின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவினால் பெரும்பாலும் தீரும்.

கேள்விக்குறியும், வட்டத்துக்குள் ஆரும்

கேள்விக்குறி ஏன் மோசம் என்றால் அங்கே எழுத்து அழிந்துவிட்டது. பழைய மென்பொருள்கள் யுனிகோட்டுக்கு முந்திய 256 இடங்கள் கொண்ட அட்டவணையை நம்பி எழுதப்பட்டவை. மேற்கு ஐரோப்பிய அட்டவணையான 1252இல் சாய்கோட்டு ஈக்கும் இரட்டைப் புள்ளி யுவுக்கும் இடம் உண்டு. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு பழைய அட்டவணையே கிடையாது. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்தபோதே யுனிகோட்டாக மட்டும்தான் வந்தது. அதனால் அந்த மென்பொருளில் சூரிச் சரியாக விழும், கல்முனை ஏழு கேள்விக்குறியாகும். பொன்ட் மாற்றித் திரும்பக் கொண்டுவர முடியாது. உள்ளே சேமித்திருப்பதே கேள்விக்குறி.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்கு இதில் நடுவாந்தரமான ஒரு தொல்லை வரும். மட்டக்களப்பு என்பதை ஐஎஸ்ஓ 15919 முறைப்படி ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டு டீக்களின் அடியிலும் எல்லின் அடியிலும் புள்ளி வேண்டும். நெடில் வந்தால் தலையில் கோடு. இவை 1252இல் இல்லை. பழைய மேற்கோள் நிர்வாக மென்பொருளில் போட்டால் சிலது குறியை இழந்து வெறும் எழுத்தாகும், சிலது கேள்விக்குறியாகும். குறியை இழப்பது ஆபத்து, ஏனென்றால் பிழை என்று கண்ணில் படாது. எல்லின் அடிப்புள்ளி போனால் ளகரம் லகரமாகிவிடுகிறது.

வட்டத்துக்குள் ஆர் வரும் நோய் வேறு. பட்டியலைத் திறந்தால் ஏ மேல் சாய்கோடு, வட்டத்துக்குள் ஆர், ஏ மேல் சாய்கோடு, வட்டத்துக்குள் ஆர் என்று வரி முழுக்க ஓடும். இதைக் கண்டால் பயப்பட வேண்டாம், எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. யுனிகோட் எண்களைக் கோப்பில் எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்த மூன்றையும் 1252 அட்டவணைப்படி தனித்தனியாக வாசித்தால் க என்பது ஏ மேல் சாய்கோடு, வட்டத்துக்குள் ஆர், ஒரு தடித்த புள்ளி ஆகிவிடும். சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போதுதான் இது கூடுதலாக நடக்கும். மூடிவிடுங்கள், அப்படியே சேமித்துவிடாதீர்கள். வெற்று எக்செல்லைத் திறந்து, தரவு பகுதியில் உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வசதியைத் தேர்ந்து, எழுத்து முறைக்கு 65001 (யுடிஎஃப்-8) கொடுத்தால் பெயர்கள் முழுசாக வரும்.

அச்சு வேலைக்காரரின் பாடு

நினைவு மலர் செய்கிறவர்கள் பாமினியை விடாததற்குப் பிடிவாதம் காரணமில்லை. பக்க வடிவமைப்புக்குப் பாவிக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, யுனிகோட் தமிழ் அதில் ஏறாது. கடையின் பழைய வார்ப்புருக்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். முப்பத்தோராம் நாளுக்குள் மலர் கையில் வேண்டும் என்று நிற்கும் குடும்பத்துக்கு மென்பொருள் மாற்றத்தைப் பற்றி யார் விளக்குவது?

யுனிகோட் ஏறும் மென்பொருளிலும் ஒரு படி உண்டு. போட்டோஷொப், இன்டிசைன் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்குரிய கோர்ப்பு முறையை அமைப்பில் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் அடித்த ஒழுங்கிலேயே நிற்கும். கொம்பு மெய்க்குப் பின்னால் போகும், விசிறி தனியாகத் தொங்கும், குற்று பக்கத்தில் விழும். வீதியோரப் பதாகைகளில் நாம் பார்த்து வருத்தப்படும் உடைந்த தமிழ் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். அடித்தவர் தமிழை ஒழுங்காகவே அடித்திருப்பார். அந்த ஒரு தெரிவை மாற்றி, பந்தியைத் தெரிவு செய்து, கோர்ப்பு முறையைப் போட்டால் எழுத்து தன் இடத்துக்கு வந்துவிடும்.

வேர்டில் இன்னொரு சின்ன விஷயம். தமிழ் அதற்குச் சிக்கல் எழுத்து வகை. அந்த வகைக்குத் தனிப் பொன்ட்டும் தனி அளவும் வைத்திருக்கும். அளவை 14 ஆக்கியும் தமிழ் மட்டும் மாறவில்லை என்றால் பொன்ட் சாளரத்தைத் திறந்து சிக்கல் எழுத்துப் பகுதியில் மாற்றுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் மூன்று மொழியும் ஒரே படிவத்தில் வரும். சிங்களத்துக்கும் பாமினி போன்ற கதை உண்டு, அங்கே எஃப்எம் அபய. யுனிகோட் சிங்களத்தில் ஸ்ரீ எழுத நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி வேண்டும். வெட்டி ஒட்டும்போது சில மென்பொருள்கள் அதை வேண்டாத குப்பை என்று வீசிவிடும், ஸ்ரீ உடைந்து தனித்தனி எழுத்தாகும். தமிழ் ஸ்ரீயிலும் கவனம் தேவை. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யுனிகோட்டுக்கு வந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல பொன்ட்கள் இரண்டையும் ஒரே மாதிரி வரையும். ஸ்ரீ என்று தொடங்கும் பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டால் பெயரின் மிச்சப் பகுதியை மட்டும் தேடுங்கள்.

ஒரே எழுத்து, இரண்டு எழுத்துமுறை

கௌசல்யாவுக்குத் திரும்ப வருகிறேன். ஒரே உருவம் இரண்டு விதமாக எழுதப்படுவதில் இரண்டு வகை உண்டு, இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் திருத்தப் போய் கெடுத்துவிடுவோம்.

கோயில் என்பதில் கோ, க-வும் ோ என்ற ஒரே குறியும். க, இரட்டைக்கொம்பு, அரவு என்று மூன்றாகவும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமம் என்று ஏற்கிறது. சாய்கோட்டு ஈயும் அப்படியே: 233 என்ற ஓர் எண்ணாகவும் இருக்கலாம், வெறும் ஈயும் 769 என்ற மேற்குறியும் சேர்ந்தும் இருக்கலாம். அப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து சுருக்கி அனுப்பிய கோயில் என்ற கோப்பு விண்டோஸில் தேடலுக்குச் சிக்காமல் போவதற்குக் காரணம் இது. சமப்படுத்தும் கருவி எதிலாவது ஓடவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

கௌவை ள போட்டு எழுதுவது அந்த வகையில்லை. யுனிகோட்டின் கண்ணில் அது சமம் இல்லை, வேறு எழுத்து. எந்தச் சமப்படுத்தும் கருவியும் அதைத் தொடாது. நாமேதான் மாற்ற வேண்டும். எல்லாக் கொம்பு ள-வையும் ஒரேயடியாக ௌ ஆக்கச் சொன்னால் வெள்ளம், தெளிவு, வெளி எல்லாம் நாசமாகும். நான் பாவிக்கும் முறை இது: ள-வுக்குப் பின்னால் குற்றோ விசிறியோ வேறு குறியோ இருந்தால் அது உண்மையான ள, தொடக் கூடாது. ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் அநேகமாக ௌ: கெளரி, மெளனம், பெளர்ணமி, வெளவால். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவேன். ஒ, ள சேர்ந்து ஔவாகத் தெரியும் இடங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒளி, ஒளவை இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து வரக்கூடும்.

அரவுக்கு மேல் குற்று வைத்த ர் விஷயத்தில் இந்தத் தயக்கம் தேவையில்லை. தமிழில் அரவுக்கு மேல் குற்று வரும் சொல் கிடையாது. அவா், காா்த்திகா, ஆசிாியர் என்று எது வந்தாலும், அரவும் குற்றும் சேர்ந்த இடத்தை ர் ஆக்கும்படி தேடி மாற்றச் சொல்லலாம், ஒரு பெயரும் கெடாது. ஆசிாியர் என்பதில் மட்டும் அரவுக்குப் பின் விசிறி, அதையும் ரி ஆக்கிவிட வேண்டும். பட்டியல் எதுவானாலும் தேடத் தொடங்குவதற்கு முன்னால் இந்த மாற்றங்களை முடித்துவிட்டு, கொம்பு ள-க்களைக் கண்ணால் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன். முந்நூறு பெயருக்குக் கால் மணித்தியாலம் ஆகாது. அந்தப் பிள்ளையின் பை மறுநாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.